ரெங்கமன்னார் அள்ளிய அடிமக்கு

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இப்போதே உதிரட்டும்.

மலைமேல் பைன் காட்டுக்குள் ஓர் ஆசிரமம். குரு வேலம்மை. சீடர் ரெங்கமன்னாரின் மூட்டுவலிக்கே குருவின் வயதிருக்கும். மன்னார் முன்பு அடிவாரத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை வைத்திருந்தார். அந்தப் புகையின் கனம் தாங்காமல் மேகமே ஒருமுறை தரையில் உட்கார்ந்து இளைப்பாறியது, நான் பார்த்தேன். புகையெல்லாம் பைன் ஊசியிலைகளில் படிந்தது. பட்டறையை இழுத்து மூடிவிட்டுத்தான் மன்னார் சீடரானார்.

அன்று ஆசிரமத்துக் கேரட் பாத்திக்கு, பைன் மரத்தடியில் சருகு மக்கிய உரம் போடவேண்டும். கீழே லயத்து வரிசை வீடுகளிலிருக்கும் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் அந்தக் கேரட்டைப் பிடுங்கியதும் கடிப்பார்கள். மன்னார் கூடையை எடுத்தார், வைத்தார். உட்கார்ந்தார், எழுந்தார்.

“என்ன மன்னாரே, எறும்புப் புற்றிலா உட்கார்ந்தீர்?”

“அம்மா, அந்தச் சருகில் என் பட்டறை ஈய விஷம் இருக்குமே?”

“இருக்கும்.”

“அதனால்தான் மேல்சருகைத் தொடுவதில்லை. அடியில் கறுப்பாய்க் கிடப்பதை அள்ளுகிறேன். சருகு மக்க மக்க ஈயமும் மக்கிப்போகும், இல்லையா?”

வேலம்மை அடுப்பில் கொதித்த ரசத்தில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தாள்.

“உப்புக் கரிக்குதே அம்மா!”

“அப்படியா? இன்னும் கொதிக்கட்டும்.”

ரசம் வற்றியது. மன்னார் அடுப்பைக் கோயில் பிரகாரம் போலச் சுற்றிச் சுற்றி நடந்தார். மறுபடி ஒரு கரண்டி. அவர் துள்ளிய துள்ளலில் கூரை ஓடு பறந்தது. மரத்திலிருந்த குரங்கெல்லாம் அடுத்த மலைக்குத் தாவின.

“தண்ணிதானே அம்மா ஆவியாப் போகும்! உப்பு எங்கே போகும்?”

“அங்கேயும் சருகுதான் மக்கும்.”

மன்னார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்போ அடிமக்கில்தான் ஈயம் அதிகமா?”

“ம்.”

“போன வருஷமும் அதைத்தானே அம்மா அள்ளிப் போட்டேன். பிள்ளைகள் தின்றார்களே.”

வேலம்மை ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

“இனி அந்தப் பக்கமே போகமாட்டேன். யாருக்கும் தெரியாது. நாள்பட்டால் எல்லாம் சரியாகிவிடும், இல்லையா?”

குரு எழுந்துபோய், சீடரின் செருப்பைத் தன் கையால் எடுத்து வாசலில் வைத்தாள்.

“லயத்தில் இந்நேரம் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் வேலை முடிந்து வந்திருப்பார்கள். படி வழுக்கும். பார்த்து இறங்கும்.”

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். அந்த அம்மாவுக்கு என் வீடு தெரியும்.