கன்னப்பையில் ஒளிந்த மருந்து

குளத்தங்கரைப் புற்றில் ஓர் உடும்பு இருந்தது. காட்டுக்கே மருந்து கொடுப்பது அதுதான். எல்லா மிருகங்களும் அதை உடும்பக்கா என்று கூப்பிடும். விடிந்தால் போதும், கால் பிசகியது, காது கிழிந்தது என்று புற்று வாசலில் வரிசை நிற்கும். உடும்பக்காவுக்கு அலுப்புதான். என்ன செய்ய? வேறு யார் இருக்கிறார்கள்?

அதனிடம் தேன்மெழுகு பூசிய ஒரு வகை வேர் உருண்டை உண்டு. எந்த வலியையும் அடக்கும். அளவு தப்பினால் மூச்சையும் சேர்த்து அடக்கிவிடும். அதனால் உடும்பக்கா அதை யார் கையிலும் கொடுத்தனுப்பாது.

"என் கண்ணு முன்னாலேயே முழுங்கு! வாயைத் திற! நாக்கைத் தூக்கு!" என்று பார்த்த பிறகுதான் அனுப்பும்.

செவலை என்றொரு குரங்கு மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டது. தினம் ஓர் உருண்டை கொடுத்தது உடும்பக்கா. பத்தே நாளில் வலி போய்விட்டது. ஆனால் உருண்டை தின்றதும் வருமே ஒரு கிறக்கம், அதை விடச் செவலைக்கு மனசு வரவில்லை.

"ஐயோ அக்கா, உயிர் போகுதே!" என்று கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தினமும் போய் நின்றது. கொடுத்ததை உடனே முழுங்கவும் இல்லை; சேர்த்து வைத்துத் தின்றால் கிறக்கம் கூடுமே! குரங்குக்குத்தான் கன்னத்தில் பை இருக்கிறதே! அதற்குள் ஒதுக்கிக்கொண்டு வாயை 'ஆ' என்று திறந்து காட்டும். உடும்புக்கு ஏது கன்னப்பை? பாவம், நாக்கடியைப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றுவிடும்.

ஐந்து உருண்டை சேர்ந்தது. செவலை தன் சிநேகிதன் கொறிச்சானைத் தேடிப் போனது. கொறிச்சான் ஒரு மலை அணில்.

"மாப்ளே, இதைப் போட்டுப் பாரு! மரமெல்லாம் மிதக்கும்!"

"எனக்கு ஒரு நோவும் இல்லையேடா!"

"நோவு இருந்தாத்தான் திங்கணுமா? நான் என்ன ஊமத்தங்காயா குடுக்கிறேன்? இது மருந்துடா! உடும்பக்கா கையால உருட்டினது. மருந்து எங்கேயாவது ஆளைக் கொல்லுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் கதை சொல்கிற எனக்குக் காது புளித்துவிட்டது. கொறிச்சானுக்கு அதுதான் முதல் தடவை. நம்பிவிட்டது. செவலை இரண்டு தின்றது. கொறிச்சான் மூன்று தின்றது.

"மிதக்குதுடா!" என்று சிரித்த கொறிச்சான் கிளையில் படுத்தது. செவலையும் கண்ணயர்ந்தது. விழித்துப் பார்த்தால் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கொறிச்சானின் மூக்கு சில்லிட்டிருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. செவலை அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது.

"அக்கா! இவன் எழுந்திரிக்க மாட்டேங்கிறான்!"

"என்ன தின்னான்? சீக்கிரம் சொல்லு!"

செவலை யோசித்தது. உண்மையைச் சொன்னால் நாளைக்கு உருண்டை கிடைக்காதே!

"ஏதோ காட்டுப்பழம் தின்னான்க்கா."

உடும்பக்கா பழ விஷத்துக்கான பச்சிலையை அரைத்து வயிற்றில் பூசியது. காத்திருந்தது. மறுபடியும் பூசியது. மூச்சு இன்னும் இழுத்தது.

செவலை ஓவென்று அழுதுவிட்டது. "பழமில்லைக்கா, உருண்டை! மூணே மூணுதான் தின்னான்!"

"அடப்பாவி! உனக்கே தினம் ஒண்ணுதானே குடுத்தேன்! இந்த உடம்புக்கு மூணா? அதை முறிக்கிற சாறு என்கிட்ட இருக்கே! வந்த உடனே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!"

உடும்பக்கா விழுந்தடித்து ஓடிச் சாற்றைக் கொண்டு வந்து கொறிச்சானின் மூக்கில் விட்டது. கொறிச்சானின் மூச்சு அதற்குள் நின்றுபோயிருந்தது.

மறுநாள் காலையிலும் வரிசை நின்றது. உடும்பக்காவுக்கு எழுந்திருக்கவே தெம்பில்லை. வரிசையில் முதல் ஆளாகச் செவலை நின்றது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, நெஞ்சு வலிக்குது. ஒரே ஒரு உருண்டை குடுங்க."

அது நிஜ வலியா, பொய்யா என்று உடும்பக்காவுக்குத் தெரியவில்லை. செவலைக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நோய்க்கு அளவோடு தின்றால்தான் அது மருந்து. போதைக்குத் தின்றால், எந்த நல்லவர் கையால் வந்திருந்தாலும் அது விஷம்தான்.