முள்ளம்பன்றியின் முப்பத்தேழு கத்திகள்

டக்!

புதருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். வேடன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து, மேய்ந்துகொண்டிருந்த காட்டுக்கோழிகள் சிதறி ஓடின.

வேடன் இல்லை. முள்ளம்பன்றி கருக்குவேல் தன் மடக்குக் கத்திகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

உடம்பு பூராவும் முள்ளை வைத்துக்கொண்டு உனக்குக் கத்தி எதற்கு என்று காடே கேட்டது. வெட்டுவதற்கு இல்லை, வைத்திருப்பதற்கு என்று கருக்குவேல் சொல்லும். தகரப்பெட்டியில் முப்பத்தாறு இருந்தன. ஒன்றுகூட ஒரு புல்லை வெட்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மான்கொம்புப் பிடி.

சிக்கலே அந்தப் பிடியில்தான். முள்ளம்பன்றிகள் மான்கொம்பைக் கொறிக்கும் சாதி. அதுவும் பிள்ளைத்தாச்சி கொம்பு கொறித்தால்தான் வயிற்றுக்குள் இருப்பதற்கு எலும்பு கெட்டிப்படும். கருக்குவேலின் மனைவி செண்பகவடிவுக்கு அது நிறைமாதம். காட்டிலோ ஒரு துண்டுக் கொம்பு கிடையாது. மான்கள் உதிர்த்ததையெல்லாம் கத்திக்கடை உடும்பு மச்சக்காளை பொறுக்கிப் பிடி போட்டு விற்றுவிட்டது. பாதிக்கு மேல் வாங்கியது கருக்குவேல்தான்.

"ஏங்க, ஒரே ஒரு பிடி குடுங்க. எந்திரிச்சா முட்டி நடுங்குது," என்றாள் செண்பகவடிவு.

கருக்குவேலுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஒன்றை எடுத்தது. அது ஜோடியில் ஒன்று, பிரிக்கக்கூடாது. அடுத்ததை எடுத்தது. அந்த மாதிரி இனிமேல் வராது. இன்னொன்றில், மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக உரசியது. அதை மாற்றி வாங்கவேண்டும். பல் பட்டால் உடும்பு மாற்றித் தராது. இப்படியே முப்பத்தாறும் பெட்டிக்குத் திரும்பின. வெள்ளிக்கிழமை புதுக் கத்தி ஒன்று வருகிறது, அது வரட்டும், யோசிப்போம் என்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. கிழட்டுக் கடமானின் கொம்பு என்று சொல்லி, ஒரு கோடைக்குத் தோண்டிய கிழங்கு மொத்தத்தையும் உடும்பு வாங்கிக்கொண்டது. கருக்குவேல் கத்தியைத் திறக்கப் போனது. திறக்கவில்லை. அலகில் இருந்த பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து மூச்சைப் பிடித்து இழுத்தது. உள்ளே அலகைப் பிடித்திருந்த வில் அசையவில்லை. நகம் வேரோடு பெயர்ந்து வந்தது.

கத்தியை வாயில் கவ்விக்கொண்டு கடைக்கு ஓடியது. உடும்பு அதை வாங்கி ஒரே இழுப்பில் திறந்தது.

"எனக்குத் திறக்குதே அண்ணாச்சி. கோளாறு கத்தியிலயா, நகத்துலயா?"

மாற்றித் தா என்று கருக்குவேல் கெஞ்சியது. நகம் பட்டாயிற்று, இனி இது பழைய கத்தி, பாதி விலைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றது உடும்பு. மதியம் வரை பேசியும் பிடியை விடவில்லை. உடும்பாயிற்றே.

கருக்குவேல் வீடு திரும்பியபோது தகரப்பெட்டி திறந்து கிடந்தது. முப்பத்தாறு அலகுகளும் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகத் தரையில் கிடந்தன. பிடிகளைக் காணோம். செண்பகவடிவு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். முட்டி நடுங்கவில்லை.

கருக்குவேல் புதுக் கத்தியை வாயில் கவ்வியபடியே வாசலில் நின்றது.

"அதையும் குடுங்க," என்றாள்.

கொடுத்தது. அவள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். துப்பினாள்.

"இது கொம்பே இல்லைங்க. அரக்கு."

கருக்குவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாவமாக இருந்ததோ என்னவோ, அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மத்த முப்பத்தாறும் அசல்தான். நல்லா பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க."

அதைக் கேட்க ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு இருவருக்கும் பசித்தது. செண்பகவடிவு வள்ளிக்கொடியின் அடியில் மண்ணைப் பறிக்கத் தொடங்கினாள். நகம் பெயர்ந்த கருக்குவேல் தரையில் கிடந்த அலகுகளில் ஒன்றை எடுத்து, துடைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து கிழங்கு தோண்டியது.

பூட்டி வைப்பவனுக்குப் பொருளின் விலைதான் தெரியும். அதன் தரம் பயன்படுத்துகிறவருக்கே தெரியும்.