அரைமணிக்குப் பிறகு

மல்லிகைத் தோட்டக்காரன் வேலாயுதத்துக்கு முப்பத்துநாலு வயது. பூச்சிமருந்து டேங்கை முதுகில் மாட்டினால் மூச்சு வாங்காமல் பத்து டேங்க் அடிப்பான். அன்று காலை தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டது. ஒரு குண்டூசி போதும். அதைத் தேடத்தான் அந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாதே! எல்லோரையும் போல அவனும் முனையை வாயில் வைத்து உறிஞ்சி எடுத்தான். டேங்க் ஒழுகியதில் சட்டையும் ஊறியிருந்தது. சற்று நேரத்தில் நுரை தள்ளி வரப்பில் விழுந்தான்.

மனைவி முத்தழகி சட்டையைக் கழற்றி எறிந்தாள். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு, அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாள். கட்டிலில் கிடத்தியதும் அவன் இதயம் நின்றுவிட்டது.

டாக்டர் பெரோஸ் பாட்டிலைப் படித்துவிட்டு ஊசிக்கு மேல் ஊசி போட்டார். நர்ஸ் ஜெயராணியும் மற்றவர்களும் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினார்கள். அரைமணியாகியும் நாடி வரவில்லை. வாயில் நுரை மட்டும் வற்றியிருந்தது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் முத்தழகி தவித்தாள்.

ஜெயராணி தயங்கிச் சொன்னாள்: "அரைமணி ஆச்சு சார். போன மாசம் மாரடைப்புல வந்த பெரியவருக்கு இதே நேரத்துல நீங்கதான நிறுத்தச் சொன்னீங்க?"

வேலாயுதத்தின் அப்பா சின்னையன் கைகூப்பினார். "எலும்பு முறியிற சத்தம் கேக்குது டாக்டரய்யா. எம்புள்ளைய முழுசாக் குடுத்துருங்க."

"அந்தப் பெரியவர் வேற, இவர் வேற. கைய எடுக்காதீங்க" என்றார் டாக்டர்.

சின்னையன் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. விட்டுறச் சொல்லவா?"

இந்த மூவரில் யார் சொன்னது சரி? முத்தழகி என்ன சொல்ல வேண்டும்? கீழே பார்க்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்.

விடை: டாக்டர் சொன்னதே சரி. பெரியவரின் இதயம் தானே பழுதாகி நின்றது. அவருக்கு ஜெயராணியின் கணக்கு பொருந்தும். வேலாயுதத்தின் இதயமோ பத்து டேங்க் சுமந்த இதயம். விஷம்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது. நுரை வற்றியது, ஊசி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். விஷத்தின் பிடி தளரும்வரை மூளைக்கு இரத்தத்தை அனுப்ப அந்தக் கைகளை விட்டால் வேறு வழியில்லை. இதெல்லாம் முத்தழகிக்குத் தெரியாது. ஆனாலும் "அழுத்துங்க" என்றாள். ஐம்பத்திரண்டாம் நிமிடம் நாடி வந்தது. பத்தாம் நாள் தொண்டையில் செருகியிருந்த செயற்கை சுவாசக் குழாயை எடுத்ததும் வேலாயுதம் கரகரத்த குரலில் கேட்டான்: "நெஞ்செலும்பு ஏன்ப்பா இப்படி வலிக்குது?" சின்னையன் வாய்விட்டு அழுதார். "வலிக்கட்டும்டா, நல்லா வலிக்கட்டும்."