அறுபத்திரண்டு பேருக்குச் சோறு

"வருஷத்துக்கு நாற்பது பேரை அனுப்பறேன் சார். அதுல ஒருத்தராவது உண்மையான தலைமையாசிரியரா ஆனாங்களான்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

சௌந்தரவல்லி இதைச் சொன்னபோது மணி பத்துகூட ஆகவில்லை. பேருந்து நின்ற இடத்திலிருந்து மலையடிவாரப் பள்ளிக்கூடம் வரை நடந்து வந்ததில் மூச்சு இன்னும் அடங்கவில்லை.

இருதயராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. அலுவலக அறையின் கரும்பலகையில் அன்றைய கணக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

பதிவு 62. வருகை 61.

அதன் கீழே, வராத பிள்ளையின் பெயர். செவ்வந்தி, மூன்றாம் வகுப்பு.

இருபது வருஷத்துக்கு முன்னால் வல்லி முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது அவர்தான் அவளுக்குத் தலைமையாசிரியர். இப்போது அவள், தலைமையாசிரியர் ஆகப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். வருஷத்துக்கு முப்பது நாள், பன்னிரண்டு வருஷமாக. அந்த நாற்காலியில் அவள் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடறேன் மேடம்னு எல்லாரும்தான் சொல்றாங்க" என்றாள். "காலையில எங்கயாவது பள்ளிக்கூட மணி அடிச்சா போதும். இந்நேரம் அவங்க என்ன பண்ணுவாங்க, யாரைப் பார்த்துச் சிரிப்பாங்க, யாரைத் திட்டுவாங்கன்னு மனசு போயிடுது. ஒரு வார்த்தை வராதான்னு இருக்கு."

"டீ சாப்பிடறீங்களா டீச்சர்?"

"அடுத்த வருஷப் பயிற்சியை எப்படி மேம்படுத்தப் போறோம்னு இலக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க சார். வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும்."

பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பதினேழு இலக்குகள். எல்லாவற்றுக்கும் எண் போட்டு, அளவு போட்டு, கட்டம் கட்டியிருந்தாள்.

இருதயராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். இரண்டாவதுக்குப் போகவில்லை.

அப்போது சமையல்காரப் பேச்சியம்மா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் அரிசி அளக்கும் படி.

"எத்தனை பேருக்கு சார் உலை வைக்க?"

"அறுபத்திரண்டு."

"போர்டுல அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

"அறுபத்திரண்டுக்கு வை."

"தினம் கேட்கிறேன், தினம் இதேதான் சொல்றார்" என்று வல்லியிடம் சொன்னாள் பேச்சியம்மா. "வராத பிள்ளைக்கு வடிச்ச சோத்தைத் தூக்கு வாளியில போட்டுக்கிட்டு ஊரெல்லாம் நடக்கிறார். பெரிய படிப்புப் படிச்சவங்க, நீங்களாவது சொல்லிட்டுப் போங்க."

அவள் போனதும் இருதயராஜ் நோட்டைத் தட்டினார்.

"வருகை நூறு சதவீதம்னு எழுதியிருக்கீங்களே. போன வருஷம் எவ்வளவு?"

"தொண்ணூற்றேழரை சார்." அதைச் சொல்லும்போது வல்லிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அந்த இரண்டரை யாரு?"

வல்லி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பதில் ஒருத்தர்.

"ஒரு அம்மா சார். மூணாம் நாளே நின்னுட்டாங்க. கைக்குழந்தை. விடுதியில குழந்தையை வச்சுக்கக் கூடாதுன்னு விதி."

"எப்படி இருப்பாங்க?"

"ஜன்னல் ஓரமா உட்காருவாங்க. ரெண்டாம் நாள் பதிவேடுகள் பத்திப் பாடம். எந்தப் பதிவேட்டில் எதை எழுதணும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவங்க எழுந்து, 'பள்ளிக்கூடத்துக்கு வரணும்னு ஆசைப்பட்டு வர முடியாம வீட்ல இருக்கிற பிள்ளையை எதுல எழுதறது மேடம்?'னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"நீங்க?"

"மணி ஆயிட்டுதுன்னு அடுத்த பாடத்துக்குப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"சரி. அடுத்த வருஷம் நூறுக்கு எப்படிக் கொண்டுவருவீங்க?"

இதற்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. "விடுதியில முழுசாத் தங்க முடியறவங்களை மட்டும் சேர்க்கப் போறோம் சார். முதல்லயே எழுதி வாங்கிடுவோம். நடுவுல யாரும் நிக்க மாட்டாங்க."

இருதயராஜ் எழுந்தார். துடைப்பானை எடுத்தார். செவ்வந்தி என்ற பெயரை அழித்தார். அறுபத்திரண்டில் இரண்டை அழித்து ஒன்று போட்டார்.

பதிவு 61. வருகை 61.

"நூறு" என்றார்.

வல்லி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் போய்க் குரல் கொடுத்தார். "பேச்சியம்மா, அறுபத்தொண்ணுக்கு வச்சாப் போதும்."

சமையல் கூடத்தில் பாத்திரச் சத்தம் நின்றது. பேச்சியம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"என்ன சார் இது? புள்ள செத்தா போச்சு?"

இருதயராஜ் துடைப்பானை மேஜைமேல் வைத்தார்.

வல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சுண்ணக்கட்டியை எடுத்தாள். ஒன்றை அழித்து இரண்டு போட்டாள். கீழே செவ்வந்தி என்று எழுதினாள். எழுத்துக் கோணலாக விழுந்தது.

"அதானே" என்றாள் பேச்சியம்மா. "காலங்காத்தால வயித்தக் கலக்கிட்டீங்க." முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வல்லி நகரவில்லை. அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுத வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. சுண்ணக்கட்டியைப் பலகையில் வைத்தாள். ஜன்னல் ஞாபகம் வந்தது. சாயம் போன மஞ்சள் துணிப்பை ஞாபகம் வந்தது. எல்லாரும் சிரித்தபோது அந்தப் பெண் தானும் சிரிக்கப் பார்த்தது ஞாபகம் வந்தது.

பன்னிரண்டு வருஷமாக அவள் எப்படிப்பட்ட ஒருத்தரின் கடிதத்துக்காகக் காத்திருந்தாளோ, அப்படிப்பட்டவள் மூன்றாம் நாளே எழுந்து போயிருக்கிறாள்.

"பேர் வரமாட்டேங்குது சார்."

"வருகைப் பதிவேட்டில் இருக்குமே."

"அவங்க பேர்மேல சிவப்புக் கோடு போட்டுட்டேன்."

இருதயராஜ் காலித் தூக்கு வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கோட்டுக்குக் கீழ எழுத்துத் தெரியுமில்ல டீச்சர்?"