பொட்டு வைத்த டப்பா

மலை ஏறி இறங்கிப் பிழைக்கிற பழைய டீசல் ஜீப் ஒன்று இருந்தது. வால்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இருக்கிற நாற்பது கொண்டை ஊசி வளைவும் அதற்குத் தண்ணிபட்ட பாடு. அதன் பானெட்டுக்குள் கடைசியாகக் குடிவந்தது ஓர் அலுமினிய டப்பா.

இன்ஜின் வெளியே விடுகிற மூச்சில் ஆயில் புகையும் ஈரமும் கலந்து வரும். அந்த மூச்சு குழாய் வழியே சுற்றித் திரும்பவும் இன்ஜினுக்குள்தான் போக வேண்டும். நடுவழியில் உட்கார்ந்து, அழுக்கைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு, காற்றை மட்டும் அனுப்பி வைப்பது டப்பாவின் வேலை. உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க நடுவில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி. வடித்துவிட அடியில் ஒரு திருகு. அவ்வளவுதான் அதன் உடம்பு.

மாட்டிவிட்ட மெக்கானிக் சாதிக், வண்டிக்காரர் திருமூர்த்தியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். "கண்ணாடியைப் பாத்துக்கிட்டே இருங்கண்ணா. பாதி ஏறுச்சுன்னா வடிச்சு விட்டுருங்க."

"ரொம்பிப் போச்சுன்னா?"

"அத்தனையும் இன்ஜின் குடிச்சிரும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் தீனிதான். அப்புறம் சாவியைத் திருப்பினாலும் நிக்காது, வெறி பிடிச்ச மாதிரி ஓடும்."

டப்பாவுக்குத் திக்கென்றது. தன்னால் இந்த வண்டிக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் நினைத்துக்கொண்டது.

இன்ஜின் மட்டும் சிரித்தது. "என் மூச்சுல அழுக்காம்! நல்ல கதையா இருக்கே!"

"அழுக்கு இருக்கோ இல்லையோ, நான் பாத்துக்கறேனுங்க ஐயா" என்றது டப்பா. பாவம், அதன் சுபாவம் அப்படி.

ஏழெட்டு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தினமும் காலையில் திருமூர்த்தி பானெட்டைத் திறப்பார். ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார், டப்பாவின் கண்ணாடியைப் பார்ப்பார். பாதி ஏறியிருந்தால் திருகைத் திறந்து ஒரு பாட்டிலில் வடிப்பார். கறுப்பாக இறங்கும். வயிறு காலியாகும்போது டப்பாவுக்கு வரும் நிம்மதி இருக்கிறதே, அதை அதுதான் அறியும்.

ஆயுத பூஜை வந்தது. திருமூர்த்தி வண்டியைக் கழுவித் துடைத்து, ஸ்டீயரிங், சக்கரம், பேட்டரி என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். டப்பாவிடம் வந்தபோது அந்த வட்டக் கண்ணாடி அவருக்கு நெற்றி போலவே தோன்றியிருக்கிறது. ஒரு விரல் சந்தனத்தைக் கண்ணாடி முழுக்கத் தடவி, அதன் மேல் பெரிதாகக் குங்குமம் வைத்தார்.

"இங்க பாரு வசந்தாமணி, லட்சணமா இருக்குதில்ல?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வசந்தாமணி எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். டப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை.

சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு காலையில் பானெட்டைத் திறந்தால் குச்சியை உருவிப் பார்ப்பார். டப்பாவை மட்டும் இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பானெட்டை மூடிவிடுவார். உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க இடமும் இல்லை, பார்க்கிற நினைப்பும் போய்விட்டது.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. மலையில் பனி இறங்க இறங்க, ஆயிலோடு தண்ணீரும் சேர்ந்து டப்பாவின் வயிறு மளமளவென்று ஏறியது.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டது ஆயில் குச்சி.

"முக்காலுக்கு மேல."

"அடப்பாவி! அவருக்குத் தெரியப்படுத்த மாட்டியா?"

"எப்படித் தெரியப்படுத்தறது? எனக்கு வாயா இருக்கு?"

"மூடியோரமா ரெண்டு சொட்டுக் கசிய விடு. ஒழுகுதுன்னா என்னான்னு பாப்பாரு."

டப்பா யோசித்தது. தினமும் தொட்டுக் கும்பிடுகிற மனுஷன். அவர் முன்னால் ஒழுகி நிற்பதா? "வேண்டாம்ப்பா. இத்தனை மரியாதை வெச்சிருக்காரு. கெட்ட பேர் எதுக்கு? இன்னும் கொஞ்சம் தாங்குவேன்."

"மரியாதையை வெச்சு வயித்தைக் காலி பண்ண முடியுமா?" என்றது குச்சி.

தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். திருமூர்த்தியின் அக்கா பேத்திக்குப் பொள்ளாச்சியில் கல்யாணம். காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கிளம்பினார்கள்.

ஏறி உட்கார்ந்ததிலிருந்து திருமூர்த்தி வாயை மூடவில்லை. தம்பி வரப்பை நகர்த்தியது, எஸ்டேட் ஆபீசில் காக்க வைத்தது, மகன் வாரக்கணக்கில் போன் பண்ணாதது. வசந்தாமணி ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். நடுநடுவே "விடுங்க, பாத்துக்கலாம்" என்றாள்.

"உங்கிட்டச் சொன்னாத்தான் எனக்கு மனசு லேசாகுது. ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கறேன், எம்பட மகாலட்சுமி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள்னு."

தகரத்துக்கு இந்தப் பக்கம் டப்பாவுக்கு அத்தனையும் கேட்டது. அடடா, உள்ளேயும் ஒருத்தி என்னைப் போலவே உட்கார்ந்திருக்கிறாளே என்று அதற்குத் தோன்றியது.

அட்டகட்டி தாண்டி இறக்கம் செங்குத்தாகியது. திருமூர்த்தி இரண்டாவது கியரில் இறக்கினார். வண்டி மூக்கு கீழே சாய்ந்ததும் டப்பாவுக்குள் இருந்தது முழுக்க வெளிக்குழாய்ப் பக்கம் சரிந்தது. "ஐயா, மூச்சைக் கொஞ்சம் அடக்குங்க! என்னால முடியலை!" என்று டப்பா கதறியது. இறக்கத்தில் திணறிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஒரே இழுப்பு. மூன்று மாதத்து அழுக்கில் பெரும்பங்கு அதன் தொண்டைக்குள் போனது.

இன்ஜின் அலறியது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை, வேகம் மட்டும் ஏறியது. பின்னால் சாலையே தெரியாமல் வெள்ளைப் புகை. திருமூர்த்தி சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. முன்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளத்தாக்கு.

"நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள் வசந்தாமணி.

கிளட்சை மிதித்து, இரண்டு பிரேக்கையும் பிடித்து, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினார். இன்ஜின் நிற்காமல் கத்தியது. அதைத் திணறடித்து நிறுத்த டாப் கியரைப் போட்டார். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கிளட்சைப் பட்டென்று விட்டார். ஜீப் ஒரு உதறு உதறி அடங்கியது.

திருமூர்த்தி கீழே இறங்கிச் சாதிக்குக்குப் போன் பண்ணினார்.

"டப்பாவைப் பாத்தீங்களாண்ணா?" என்றார் சாதிக்.

"தெனமும் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தானே கிளம்பறேன்!"

"கும்பிடச் சொல்லலீங்களே. வடிக்கத்தானே சொன்னேன்?"

திருமூர்த்தி பானெட்டைத் திறந்தார். காய்ந்த சந்தனத்தைக் கைக்குட்டையால் சுரண்டினார். கண்ணாடி கன்னங்கரேலென்று கிடந்தது. திருகைத் திறந்ததும், இன்ஜின் இழுத்தது போக மிச்சமிருந்ததே கொழகொழவென்று இறங்கியது. பாட்டிலை ஏந்திப் பிடித்திருந்தாள் வசந்தாமணி.

"இத்தனையும் உள்ள வெச்சுட்டு ஒண்ணுமே சொல்லாம இருந்துதா இது?" என்றார் திருமூர்த்தி.

"அது எப்படீங்க சொல்லும்? பாத்துத் தெரிஞ்சுக்கத்தானே கண்ணாடி வெச்சிருந்தாங்க. நீங்க அது மேல பொட்டை வெச்சுட்டீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாகப் பார்த்த முகம்தான். நெற்றிப் பொட்டுக்குக் கீழே கண் கலங்கியிருந்தது.

இன்ஜின் ஆறும் வரை கிளம்ப வேண்டாம், காற்றுக் குழாயைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சாதிக் சொல்லியிருந்தார். துடைத்து முடித்துவிட்டுத் திருமூர்த்தி தடுப்புச் சுவரில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவள்.

"உனக்கு ஏதாச்சும் இருந்தாச் சொல்லு சாமி" என்றார்.

"எனக்கென்னங்க இருக்குது?"

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள் வாயைத் திறந்தாள். "எங்கம்மா செத்தப்ப நான் நல்லா அழுகவே இல்லீங்க. உங்கம்மாவுக்குச் சோறாக்க ஆளில்லைன்னு மூணாம் நாளே கூட்டிட்டு வந்துட்டீங்க..."

திருமூர்த்திக்கு மறுத்துச் சொல்ல வாயில் ஒரு வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டார். அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்தது.

"ஆறிட்டேன், கிளம்பலாமே" என்றது இன்ஜின், அன்றைக்குத்தான் கொஞ்சம் தணிந்த குரலில்.

"சும்மா இருங்கய்யா" என்றது டப்பா. "அந்தம்மா இன்னும் முடிக்கலை."

அவர்கள் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தியும் எழுந்திருந்தது. "என்ன மாமா, இவ்வளவு தாமதம்? வண்டி ஏதாச்சும் தொந்தரவு குடுத்துதா?" என்று வாசலிலேயே கேட்டார்கள்.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. நான்தான் வடிக்க வேண்டியதை வடிக்காம விட்டுட்டேன்" என்றார் திருமூர்த்தி.