நெட்டு கட்டாகாத ஆட்டம்

தென்காசியில் ஆவுடையப்பன் என்று ஒரு மகாராசன். அவனுக்குக் கீழே இசக்கி, மந்திரம், உலகு என்று மூன்று தம்பிகள். நாலு தலையையும் சேர்த்துப் பிடித்து உலுக்கினாலும் ஒரு யோசனை கீழே விழாது. கடைக்குட்டி உலகுக்கே முப்பது வயசாகிறது. ஆகவே இனிமேல் விழும் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

நாலு பேரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை ஆடுவார்கள். இங்கே நாலு பேர், எதிரணியில் நாலு பேர். செங்கோட்டை மீரான் அணியோடு மோதிய எல்லா ஆட்டத்திலும் தோல்விதான். பாதியில் நெட் கட்டாகிவிடுகிறது என்பார்கள். கட்டாவது உண்மைதான். அதற்கு முன்னாலேயே நாலு பேரும் செத்துக் கிடப்பார்கள் என்பதை மட்டும் ஆவுடையப்பன் வெளியே சொல்வதில்லை.

"தோத்தா நெட்டு, செத்தா நெட்டு. ஒனக்கு ஆடத் தெரியாதுன்னு ஒருநாளாவது சொல்லேன் மாப்ள" என்று மீரான் போனில் சிரித்தான்.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாடே. தோத்தா, வீடியோ கால்ல நீ பாக்கப் பாக்க என் மீசைய எடுக்கேன்!" என்று சொல்லிவிட்டான். சொன்ன மறுநொடியே கை தானாக மீசைக்குப் போனது. ஊர் மதிக்கிற மாதிரி அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் பெண்ணே கொடுத்தார்கள்.

ஞாயிறு காலையில் நெட் கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள்.

"ரௌட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல எதுவும் இல்லாம பாத்துக்கோங்க சார்" என்றாள்.

பீரோவை நகர்த்தினார்கள். கட்டிலைக் கழற்றினார்கள். கதவையும் நிலையிலிருந்து பெயர்த்துத் தெருவில் சாய்த்து வைத்தார்கள். மந்திரம் மட்டும் திருப்திப்படாமல் நின்றான்.

"அண்ணே, நடுவுல காத்து இருக்கே."

மூன்று பேரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். காற்று இருக்கத்தான் செய்தது.

"அதை எப்படிலே எடுக்க?" என்றான் ஆவுடையப்பன்.

"எடுக்க முடியாது. அசையாம வேணா நிப்பாட்டலாம்" என்றான் இசக்கி.

ஃபேனை நிறுத்தி, ஜன்னலை எல்லாம் அடைத்து, கதவில்லாத வாசலுக்குப் போர்வையைக் கட்டினார்கள். உள்ளே இட்லிப்பானை கணக்காக வெந்தது. உலகு மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தான், காற்று கலையக்கூடாதே என்று. அப்படியும் நெட் கட்டானது.

மறுபடி போன். "பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது உங்க வைஃபைய எடுப்பாங்க சார். யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டா மாத்திடுங்க."

"யாருக்குமா?"

"யாருக்குமே தெரியக்கூடாது சார்."

அதில்தான் பெரிய விவாதம் கிளம்பியது. "நமக்குத் தெரியலாமா?" என்றான் உலகு.

"யாருக்கும்னா நாமளும்தாம்லே. நாம என்ன வானத்துல இருந்தா குதிச்சோம்?" என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னான்.

ஆளுக்கு இரண்டு எழுத்து. ஒருத்தன் அடிக்கும்போது மற்ற மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அடிக்கிறவனும் மூடிக்கொண்டான், ஒழுங்கு என்றால் ஒழுங்கு. உலகில் ஒருவருக்கும் தெரியாத பாஸ்வேர்டு தயாரானது. பக்கத்து வீட்டுக்காரனால் நுழைய முடியவில்லை. இவர்களாலும் முடியவில்லை. அட, இப்படியும் மனுசன் இருப்பானா என்று கேட்காதீர்கள், நாலு பேர் இருந்தார்கள்.

மூன்றாவது தடவை போன் போட்டபோது அந்தப் பெண்ணின் குரலில் உயிரே இல்லை. "பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும். குச்சியால அழுத்திப் பிடிங்க. எல்லாம் பழையபடி ஆயிடும்."

ஆவுடையப்பன் அழுத்த, தம்பிகள் ஓடிப்போய் கதவை மாட்டி, கட்டிலைப் பூட்டி, பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளினார்கள். எல்லாம் பழையபடி ஆக வேண்டுமே!

"கடைசியா ஒண்ணு சார். நீங்க ஆடும்போது வீட்டுல வேற யாரும் நெட்டத் தொடக்கூடாது. ஆட்டம் முடிஞ்சதும் ரௌட்டரை அணைச்சு வைங்க, சூடாயிடும்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. எதிரே மீரானின் ஆட்கள் தெரிந்ததும் இசக்கி மவுஸிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தான்.

"அண்ணே, நீங்க ஆடுதீய. நாங்க தொடலாமா?"

ஆவுடையப்பன் யோசித்தான். வியர்த்தது. மீசையை ஒருதரம் தடவிப் பார்த்தான். "கூடாது. மூணு பேரும் அணைச்சிட்டு வெளிய போங்க" என்றான்.

தம்பிகள் பயபக்தியோடு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றார்கள். நாலு துப்பாக்கிக்கு முன்னால் ஆவுடையப்பன் தனியாக நின்றான். நெட் என்றால் நெட், அப்படி ஒரு நெட்! ஒரு விக்கல் இல்லை. மீரானின் ஆட்கள் அவனைச் சல்லடையாகத் துளைத்தது ஒவ்வொரு குண்டாகத் துல்லியமாகத் தெரிந்தது.

"அண்ணே, கட்டாச்சா?" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

"இல்லலே! கடைசி வரைக்கும் கட்டாகவே இல்ல!"

மூன்று பேரும் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கினார்கள். மீரான் போனில் கூப்பிட்டு மீசையைக் கேட்கும்வரை தாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழி? வாக்கு வாக்குதான். வீட்டு வைஃபையில் மீரானுக்கு வீடியோ கால் போட்டு இசக்கி போனைப் பிடித்தான். மந்திரம் சவரக்கத்தியை எடுத்தான். ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், கண்ணீர் வழிந்தது. இடது பக்கம் போனது. கத்தி நடு மூக்குக்குக் கீழே வந்தபோது மீரானின் முகம் மறைந்தது.

"நிறுத்துலே!" என்று ஆவுடையப்பன் மிச்ச மீசையைக் கையால் மூடினான். "அவன் பாக்காம எடுத்தா பந்தயத்துல ஏமாத்துன மாதிரி ஆயிடும்."

உலகு மூலையில் ரௌட்டர் பக்கத்தில் நின்றிருந்தான். "நாந்தாண்ணே அணைச்சேன். ஆட்டம் முடிஞ்சிட்டுல்லா?"

"சரி, போடு."

"எப்பப் போடணும்னு அந்தப் பொண்ணு சொல்லலியே அண்ணே."

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். உண்மைதான், சொல்லவில்லை. இவர்கள் நம்பரிலிருந்து வந்தால் அந்தப் பெண் இப்போது போனையே எடுப்பதில்லை.

மறுநாள் ஆவுடையப்பன் டீ குடிக்கப் போனான். கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். "என்னடே இது, பாதி மீசையோட?"

ஆவுடையப்பன் வலது பக்கத்தை நிதானமாக முறுக்கிவிட்டான்.

"இந்தப் பக்கத்துக்கு இன்னும் நெட்டு வரல அண்ணாச்சி."