எறும்பு விழுங்கிய ‘ஆனால்’

ஒரு காட்டில் பெரிய சிலந்தி ஒன்று இருந்தது. காட்டின் ஒரு கோடியிலிருந்து மேற்கு மலை உச்சிவரை அதன் வலை ஓடியது. எங்கே மழை, எங்கே தீ, எந்தச் சுனையில் தண்ணீர், எல்லாம் இழைகளில் அதிர்ந்து அதனிடம் வந்து சேரும். கேட்டால் சொல்லும். கேட்பதற்கு மட்டும் ஒரு முறை உண்டு. எந்த இழையை எந்த வரிசையில் எத்தனை தரம் சுண்டுவது என்று கணக்கு இருந்தது. பிசகினால் பதிலே வராது.

பன்றி ஒருநாள் சுண்டப் போய் வலையில் பாதியை அறுத்துவிட்டு வந்தது. குரங்குக்கோ பொறுமை இல்லை. அப்போதுதான் கடுகு என்ற எறும்பு முன்வந்தது. எடையே இல்லாத உடம்பு. இழைக்கே தெரியாமல் அதன்மேல் ஓடும். சுண்டும் முறையெல்லாம் அதற்கு மனப்பாடம். கேள்வியைச் சொன்னால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் கடுகு, சிலந்தி சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. சிலந்தி எதையும் சுருக்கிச் சொல்லிப் பழகாதது. “தண்ணீர் இருக்கிறது, ஆனால்” என்று தொடங்கி, சேறு, காற்று, காலடித் தடம் என்று இழுத்துக்கொண்டே போகும். விலங்குகளுக்குக் கொட்டாவி வந்தது. உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லேன் என்று எரிந்து விழுந்தன. கடுகு யோசித்தது. ‘ஆனால்’ என்ற சொல் வந்ததுமே திரும்பி ஓடிவரப் பழகிக்கொண்டது. அன்றிலிருந்து அதற்கு ஏகப்பட்ட பாராட்டு. எல்லாரையும்விட அதிகமாகப் புகழ்ந்தது செவ்வந்தி என்ற முயல்.

செவ்வந்தி ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில், நாணல் புதருக்குள் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. கரையில் நரி உலவியதால் வேறு போக்கிடம் இல்லை. ஆறு வறண்டு கிடந்தது. மழை வருவதாகத் தெரிந்தால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு கரையேறிவிடலாம் என்பது அதன் எண்ணம். அதனால் மேயப் போகுமுன் தினமும் கடுகிடம் கேட்டுவிட்டுத்தான் போகும்.

அன்றும் கேட்டது. “மழை வருமா, தம்பி?”

கடுகு ஓடிப்போய்ச் சுண்டியது. “இங்கே மழை வராது. ஆனால்...” என்றது சிலந்தி. அதற்குள் கடுகு பாதி வழி வந்துவிட்டது.

“வராது அக்கா. நிம்மதியா போயிட்டு வாங்க.”

செவ்வந்தி குட்டிகளை நக்கிக் கொடுத்துவிட்டுக் கரைமேல் இருந்த புல்வெளிக்குப் போனது. வானத்தில் மேகமே இல்லை. வயிறாரத் தின்றது. பாலூட்டுகிற உடம்பல்லவா, இன்னும் இரண்டு வாய் தின்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தது. அப்போது ஆற்றுப் பக்கம் இரைச்சல் கேட்டது.

ஓடிவந்து பார்த்தபோது செம்மண் நிறத் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. மணல்திட்டு இருந்த இடமே தெரியவில்லை. வெயில் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளம் வடிந்தபின் கடுகு வந்தது. செவ்வந்தி அதைத் திட்டவில்லை. “சிலந்தி என்னதான் சொல்லிச்சு?” என்று மட்டும் கேட்டது.

“ஆனால்னு ஏதோ ஆரம்பிச்சுது அக்கா. நான் நிக்கல. இப்பத்தான் திரும்பப் போய்க் கேட்டேன். மலையில கொட்டுது, ஆத்துல வெள்ளம் வரும்னு சொல்ல வந்துச்சாம்.”

“நின்னு கேட்டிருக்கலாமே, தம்பி.”

“முழுசா சொன்னா யாரு உக்காந்து கேட்டீங்க? நீங்கதானே என்னைக் கச்சிதமா சொல்றேன்னு...”

செவ்வந்தியாலும் கோபிக்க முடியவில்லை. கடுகு சொன்னது உண்மைதான் என்று அதற்குத் தெரியும். பால் கட்டிய மடியோடு ஈர மணலில் இறங்கி, நாணல் இருந்த இடத்தைத் தோண்டத் தொடங்கியது. பாவம், அங்கே ஒன்றும் இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். போதும் என்று சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

பிறர் நமக்காகக் கேட்டுச் சுருக்கித் தரும் பதிலில் விட்டுப்போனது என்ன என்று ஒரு வார்த்தை கேட்காதவர்கள், பின்னால் அழுது பயனில்லை.